மேட்டு மலையா, ஆத்து மலையா?

கணக்கப்பிள்ளை வேலைக்கு இரண்டு சாமான் போதும்: உரத்த தொண்டை ஒன்று, மறக்காத தலை ஒன்று. என் தொண்டைக்குக் கடைசிவரை ஒரு குறையும் வரவில்லை.

இலங்கையில், கரவனெல்லையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் வரும் ஒரு இறப்பர் தோட்டத்தில் எனக்கு உத்தியோகம். விடிகாலையில் பெரட்டுக்களத்தில், ஆட்கள் கூடுகிற இடத்தில் நின்று, மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டுகிற அறுபத்திரண்டு பேரின் பெயரையும் கூப்பிட்டு, அன்றைக்கு எந்த மலையில் வெட்டு என்று சொல்லி அனுப்ப வேண்டும். மற்றத் தோட்டங்களில் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் வாசிப்பார்கள். நான் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி மனப்பாடமாகக் கூப்பிடுவேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

கணக்கப்பிள்ளை என்பவன் ரெண்டுங்கெட்டான். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்கள் அவனோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க மாட்டார்கள். பங்களாவில் இருக்கிற துரைமார் அவனை உட்காரச் சொல்லவே மாட்டார்கள். நல்ல நாளிலேயே அவனுக்குப் பேச ஆள் கிடையாது. இதில் தலையும் பழுதானால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

தலையில் அடிபட்டு, வீக்கம் வற்றி, "ஒனக்கென்ன, நல்லாத்தானே இருக்கே" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன என் இனத்தவரே, இது உங்களுக்காக.

விழுந்தது ஒரு கொப்பு

இறப்பர் மரத்தோடு பழகியவர்களுக்குத் தெரியும், கொஞ்சம் பலமாகக் காற்றடித்தால் போதும், கொப்பு முறிந்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு வைகாசிக் காற்றில், ஆத்து மலையில் நான் நடந்துகொண்டிருந்தேன். தொடைப் பருமனான கொப்பு விழுந்திருந்தால் எனக்குக் கருமாதி செய்திருப்பார்கள். விழுந்தது என் கைப் பருமன்.

இதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை. பாக்கியம் சொன்னதைத்தான் சொல்கிறேன். பாக்கியம் எங்கள் தோட்டத்தில் இருபது வருஷமாகப் பால் வெட்டுகிறவள். அவள் கத்தியும் கூர்மை, வாயும் கூர்மை. இரண்டு மூன்று நிமிஷம் நான் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தேனாம். பிறகு எழுந்து உட்கார்ந்து, வாந்தி எடுத்து, "இன்னும் எத்தனை மரம் பாக்கி?" என்று கேட்டேனாம். அவள் பதில் சொல்லச் சொல்லத் திரும்பவும் அதையே கேட்டேனாம். ஐந்து தடவை பொறுமையாகப் பதில் சொன்னவள், ஆறாவது தடவை சொன்னாளாம்: "மரமெல்லாம் நின்ன எடத்துலயேதாங்க நிக்குது ஐயா, நீங்கதான் விழுந்துட்டீங்க."

கெட்டி மண்டை

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுக்க வைத்துப் பார்த்தார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கு மண்டை பிளந்து தையல் போட்டிருந்தது. அவரைப் பார்க்க ஊரே திரண்டு வந்தது, ஆரஞ்சுப் பழம் குவிந்தது. எனக்கு ஒரு சின்னத் தேசிக்காய் அளவு வீக்கம்தான். என்னைப் பார்க்க என் மனைவி மரகதம் மட்டும் ஒரு போத்தல் கஞ்சியோடு வந்தாள். அந்த மனிதர் பாவம் பார்த்து எனக்கு இரண்டு பழம் கொடுத்தார்.

படம் எடுத்ததில் வெடிப்பு எதுவும் இல்லை. மாத்திரையும் ஒரு கிழமை, ஏழு நாள், ஓய்வும் எழுதித் துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். வாசல்வரை கூட வந்த அட்டெண்டன் என் தலையைத் தட்டிப் பார்க்காத குறையாகச் சிரித்தார்: "ஒங்களுக்கு நல்ல கெட்டி மண்டைங்க, தேங்காய்னா ஒடஞ்சிருக்கும்."

வாளிச் சத்தம்

இரண்டாம் கிழமை பெரட்டுக்குப் போனேன். அறுபத்திரண்டு பேர் என்றால் அறுபத்திரண்டு அலுமினிய வாளி. அந்தச் சத்தத்தை இருபது வருஷமாக நான் காதில் வாங்கியதே இல்லை. இப்போது ஒவ்வொரு வாளியும் என் மண்டைக்குள்ளேயே இடித்தது. வெளிச்சமும் குத்தியது. வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவேன். ரேடியோ பாடக் கூடாது, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நாய் குரைக்கக் கூடாது, மரகதம் சட்டியை நகர்த்தக் கூடாது.

ஒரு பின்னேரம் அவள் கை தவறி மூடி ஒன்று கீழே விழுந்தது. கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரில் அடித்தேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவளிடம் குரல் உயர்த்தியவன் இல்லை நான். என்னென்னவோ கத்திவிட்டுப் போய்ப் படுத்தேன். எழுந்து வந்து, "சுவத்துல என்ன கறை?" என்று கேட்டேன். நடித்துக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. துணியால் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்: "கத்துனதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்லங்க, மன்னிப்புக் கேக்கணும்னு ஒங்களுக்குத் தோணவே இல்லையே, அதான்."

செல்லாயி

பெயர்கள் என் வாயில் ஒன்றன் பின் ஒன்றாகத் தானாக வரும். யோசிக்கத் தொடங்கினால்தான் வினை. ஒரு நாள் விடிகாலை, யோசிக்காமல் கூப்பிட்டுக்கொண்டே போனேன். "பாக்கியம்!" "இருக்கேங்க." "செல்லாயி!"

பதில் இல்லை. வாளிச் சத்தம்கூட நின்றுவிட்டது. பதில் சொல்லாத ஆளைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. இன்னும் உரக்க, கோபமாக, இரண்டாம் தரம் கூப்பிட்டேன்: "செல்லாயி! காது அடைச்சுப் போச்சா?"

செல்லாயி பாக்கியத்தின் அக்கா. பாம்பு கடித்துச் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. சாவு வீட்டுக்குப் பந்தல் போட ஆள் அனுப்பியதே நான்தான். இரண்டாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் அது என் நினைவுக்கு வந்தது. பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. பாக்கியம் மழைக்குத் தலையில் போட்டிருந்த கொங்காணிச் சாக்கைச் சரிசெய்துகொண்டு, அன்றைக்கு மட்டும் கூர்மை இல்லாத குரலில் சொன்னாள்: "அவ வரமாட்டாங்க ஐயா, அடுத்த பேரக் கூப்பிடுங்க."

கெட்டுப்போன பால்

அதற்குப் பிறகு புத்தகத்தை விரித்துத்தான் பெயர் வாசித்தேன். எழுத்துகள் வரிசையில் நிற்காமல் நீந்தும். விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசிப்பேன். பெரட்டு முடிவதற்குள் ஒரு நாள் வேலை செய்த களைப்பு வந்துவிடும்.

அந்த நாட்களில் ஒரு தடவை, பால் எடுக்கும் முன்னாலேயே மழை பிடித்துக்கொண்டது. மரத்தில் கட்டியிருந்த சிரட்டையில் மழைத்தண்ணீர் கலந்து பால் முழுக்க வீண். இறப்பர்க் காட்டில் இது நடக்காத காரியமா? ஆனால் கான் வாய்க்காலில் வெள்ளையாக ஓடுகிற தண்ணீரைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. சும்மா கண் கலங்கவில்லை, விக்கி விக்கி அழுதேன். என் அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. பால் கொட்டகைக்கு முன்னால், ஆள் பேர் பார்க்க, நிறுத்த முடியவில்லை. சோமாவதி என்று, பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து வந்து பால் வெட்டுகிறவள், எங்கள் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவாள். அவள் பதறிப்போய், 'ஐயோ, ஐயா' என்பதை மட்டும் சிங்களத்தில் போட்டுக் கேட்டாள்: "அனே மாத்தயா, பால் கெட்டதுக்குத் தொரையே அழல்ல, நீங்க ஏன் அழுறது?"

நேற்று வெட்டிய மரம்

வெளியாட்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இறப்பர் மரத்தை ஒரு நாள் வெட்டினால் மறுநாள் சும்மா விடவேண்டும். இன்றைக்கு மேட்டு மலை என்றால் நாளைக்கு ஆத்து மலை. அடுத்தடுத்த நாள் வெட்டினால் பால் வராது, போகப் போக மரமே வறண்டுவிடும். இதைச் சரியாகச் சொல்வதற்குத்தான் கணக்கப்பிள்ளைக்குச் சம்பளம். அவன் பிழையாகச் சொன்னாலும் பெரட்டில் நின்று யாரும் திருத்த மாட்டார்கள். அது அங்கே பழக்கமில்லை.

ஒரு நாள் மலைக்குப் போய்ப் பார்த்தால், எல்லோரும் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. சோம்பேறிக் கூட்டம், தின்ற சோறு செரிக்கவில்லையா என்று கண்டபடி ஏசினேன். பாக்கியம் எழுந்து வந்து ஒரு மரத்தைத் தொட்டுக் காட்டினாள். வெட்டு ஈரம் காயாமல் இருந்தது. "நேத்தும் இதே மேட்டு மலைதாங்க ஐயா. மரம் பாவம்னு ஒக்காந்திருக்கோம்" என்றாள். அவசரமாக எல்லோரையும் ஆத்து மலைக்கு ஓட்டினேன். வெயில் ஏறிய பிறகு என்ன பால் வரும்? பட்டை ஈரம், அதுதான் சுணங்கியது என்று, பெரிய துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரையிடம் பொய் சொன்னேன். பக்கத்தில் நின்ற பாக்கியம், கேட்காமலே, "ஆமாங்க தொரை, ஒரே ஈரம்" என்றாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் யோசிக்கவில்லை. என்னைப் பார்த்து உள்ளுக்குள் சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அந்த நாட்களில் யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த மாதம் அதே பிழை இரண்டாம் தடவை நடந்தது. இந்தத் தடவை சின்னத்துரையே மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டார். சின்ன வயசுப் பையன், கெட்டவர் இல்லை. ஒபீஸுக்குக் கூப்பிட்டு, மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கணக்கப்பிள்ளை, இன்னும் ஒரு முறை மலை மாறினால் வேறு ஆள் போடவேண்டி வரும், குவார்ட்டர்ஸும் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும்."

பஸ்ஸை நிறுத்திய இடம்

வேலை போனால் வீடும் போகும். இதை நான் மரகதத்திடம் சொல்லவில்லை. என் தலைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று வெளியே யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று மட்டும் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். டவுனில் ஒரு டாக்டர் அம்மா இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, உரம் பார்க்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினேன்.

வழியில் ராணுவச் செக்பொயின்ட். எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து கடக்க வேண்டும். அட்டையைப் பார்த்த ஆமிக்காரன், எங்கே இருக்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். சின்ன வயசிலிருந்து நான் சிங்களம் பேசுகிறவன். சிங்களம் இருந்தது, தோட்டத்தின் பெயர்தான் இல்லை. இருபது வருஷம் குடியிருந்த இடத்தின் பெயர் தலைக்குள் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில், தமிழ்ப் பெயர் போட்ட அட்டையோடு நின்றுகொண்டு, இருக்கிற இடம் தெரியாது என்று சொன்னால் என்ன ஆகும்? வேர்த்துக் கொட்டியது. நல்ல வேளை, பஸ் கண்டக்டர் வந்து, இவர் எங்கள் பாதைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, தலையில் கொப்பு விழுந்தவர் என்று சொல்லி மீட்டுக்கொண்டு போனார். பஸ்ஸில் ஏறியதும் என் காதோடு சொன்னார்: "மாத்தயா, தோட்டத்து பேர உள்ளங்கையிலயாவது எழுதிக்கங்க, நான் எல்லா நாளும் இந்த பஸ்ல இருக்க மாட்டேன்."

டாக்டர் அம்மா

டாக்டர் அம்மா படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் சொல்லச் சொல்ல, சொல்லாததையும் அவரே சொன்னார்: சத்தம் பிடிக்காது, தூக்கம் கெட்டுப்போகும், ஒன்றுமில்லாததற்குக் கோபமும் அழுகையும் வரும், பழகிய பெயர்கள் மறக்கும். மண்டை ஓடு உடையாமலே உள்ளே மூளை குலுங்கிவிடுமாம். அது படத்தில் தெரியாதாம். அனேகம் பேருக்குக் குறையுமாம், சிலருக்கு நாள் எடுக்குமாம். எனக்கு அவர் கையைப் பிடித்துக் கும்பிடலாம் போலிருந்தது. பைத்தியம் இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டார் அல்லவா.

பிறகு, இதை வீட்டிலோ வேலையிலோ யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டார். மனைவிக்கு அரைகுறையாகத் தெரியும், வேறு யாரிடமும் சொல்லவில்லை என்றேன். சொன்னால் வேலை போய்விடும் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மருந்து நான் தருவேன், ஆனா தனியா வச்சுக்கிட்டு இருந்தா இது லேசுல ஆறாது."

புதுப் பழக்கம்

தனியாகத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் சொன்ன வைத்தியம் மட்டும் பிடித்திருந்தது. மறுநாளைக்கு எந்த மலை என்பதை முதல் நாள் பின்னேரமே உள்ளங்கையில் எழுதுவேன்: "மே" அல்லது "ஆ". வேர்வையில் அழியும். மழை நாளில் வெட்டு நின்றுபோனால், அதற்கு முதல் நாள் வெட்டியது எது என்று குழம்பும். கையை மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டு பெரட்டில் நிற்பேன்.

அப்போதுதான் அந்தப் புதுப் பழக்கம் தொடங்கியது. பெயரைக் கூப்பிட்டால் "இருக்கேங்க" என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். ஒரு நாள் பாக்கியம், "பாக்கியம், ஆத்து மலைங்க!" என்றாள். அடுத்தவளும் "ஆத்து மலைங்க!" என்றாள். மறுநாள் எல்லோரும் "மேட்டு மலைங்க!" என்றார்கள். என்னைப் பழிக்கிறார்கள் என்று நினைத்தேன். விட்ட பிழையைத் தினமும் அறுபத்திரண்டு தடவை சொல்லிக் காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு கிழமை பல்லைக் கடித்தேன். பிறகு ஒரு நாள், பாக்கியம் வாய் திறந்ததும், "ஒனக்கு இன்னைக்கு வேலை இல்ல, வீட்டுக்குப் போ!" என்று கத்தினேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தாள். ஒரு நாள் பேர், அன்றைய சம்பளம், போனது அவளுக்கு.

பத்து மணிக்குப் பால் கொட்டகையில் சோமாவதி என் முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. நான் மலை மாற்றிச் சொல்லிவிடாமல் இருக்க, லயம் லயமாகப் போய் எல்லோருக்கும் அந்தப் பதிலைச் சொல்லிக் கொடுத்ததே பாக்கியம்தானாம். அக்கா செத்ததையே மறந்த மனுஷனுக்கு உள்ளே என்னவோ பெரிய காயம் இருக்க வேண்டும், அது சின்னத்துரைக்குத் தெரியக் கூடாது என்றாளாம். சோமாவதி பாலை ஊற்றிவிட்டு, போகிற போக்கில் சொன்னாள்: "ஒங்களுக்கு ஞாபகம் வரணும்னுதான் மாத்தயா நாங்க எல்லாம் கத்துனது, சிரிக்கிறதுக்கு இல்ல."

உள்ளங்கை

ஆறு மாதமாக நான் ஒருவன் மட்டும் சுமக்கிறேன் என்று நினைத்ததை அறுபத்திரண்டு பேர் பகிர்ந்து சுமந்திருக்கிறார்கள். அது தெரிந்த அன்றைக்குத்தான் எனக்கு முன்னைவிடத் தனியாக இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த ரகசியத்தைக் கட்டிக்கொண்டு ஒரு மனிதன் மூடிய அறையில் உட்கார்ந்திருந்தால், அவனைவிடத் தனி யார்? வீட்டுக்குப் போய், இடது உள்ளங்கையில் பெரிதாக எழுதினேன்: "பாக்கியத்திடம் மன்னிப்பு." மரகதம் எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். கணக்கப்பிள்ளை பெரட்டில் மன்னிப்புக் கேட்டதாக எந்தத் தோட்டத்திலும் கதை கிடையாது. கேட்பது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் விடிகாலை தூறல். சின்னத்துரையும் வந்து நின்றார். பெயர் கூப்பிட்டுக்கொண்டு வந்து, "பாக்கியம்!" என்றேன். "பாக்கியம், மேட்டு மலைங்க," என்று பதில் வந்தது, நேற்று எதுவுமே நடக்காதது போல. அவளிடம் ஏதோ சொல்ல வேண்டும். என்ன அது? உள்ளங்கையைத் திறந்தேன். மழையில் ஊறி நீலக் கறை மட்டும் இருந்தது. சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது, அது என்ன என்றுதான் தெரியவில்லை. அறுபத்திரண்டு பேரும் காத்திருந்தார்கள். கடைசியில், "மேட்டு மலை, எல்லாரும் போங்க" என்றேன். போனார்கள்.

சின்னத்துரையின் மோட்டார் சைக்கிள் வளைவைத் தாண்டிய பிறகு பாக்கியம் மட்டும் திரும்பி வந்தாள். நான் இன்னும் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன், கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது அடிபட்ட தலையின் அழுகையா, சொந்த அழுகையா என்று எனக்கே தெரியாது. அவள் வாளியைக் கீழே வைத்தாள். "ஒங்க வீட்டு அம்மா விடியக்காலம் பீலியில தண்ணி பிடிக்க வந்து, கையில என்ன எழுதியிருந்தீங்கன்னு சொன்னாங்க, அழிஞ்சிட்டா நீங்க பாவம்னு," என்றாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு, பழைய கூர்மையான குரலில் சொன்னாள்: "நீங்க கேட்டாச்சு, நான் மன்னிச்சாச்சு, வீட்டுல அம்மாகிட்டதான் இன்னும் கேக்கலையாம், அத மறக்கிறதுக்குள்ள போயிட்டு வாங்க ஐயா."

பிறகும் எட்டு வருஷம், ஓய்வு வாங்கும்வரை, அறுபத்திரண்டு பேரையும் மலைக்கு அனுப்புவது நான்தான் என்று துரைமார் நம்பிக்கொண்டிருந்தார்கள்; பெரட்டுக்களத்தில் அதை நம்பியவர்கள் அவர்கள் மட்டும்தான்.